பெட்டியடியில் உறங்கும் முகங்கள்



பழைய கடிதங்களைப் பேணுதல் குறித்துச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதனைப் படித்த லம்பா லைன் அன்பர் ஒருவர் இப்போது வேறொரு வினாவை எழுப்பியுள்ளார். வீட்டுக்குக் கூரை மாற்றும்போது, காலஞ்சென்ற தந்தையாரின் தகரப் பெட்டியைத் திறந்தாராம். உள்ளே வேட்டிக்கும் பத்திரங்களுக்கும் அடியில் ஒரு கட்டுப் படங்கள் இருந்தன. ஒன்றேனும் உறவினர் படமன்று. யாவும் அந்நாளைய சினிமா நடிகர் நடிகையரின் படங்கள். "குடும்பத்தார் படமென்றால் சட்டமிட்டு மாட்டலாம். யாரோ வேடங்கட்டியவர்களின் படத்தை எதற்குச் சுமப்பது? பிள்ளைகள் குப்பையில் போடச் சொல்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

வினா நியாயமானதே. நம் வீடுகளில் இடம் குறைவு; ஈரம் மிகுதி. பயனில்லாத காகிதத்தைப் பூஞ்சைக்கு இரையாக வைத்திருப்பதை எந்த இல்லத்தரசியும் விரும்பமாட்டார். ஆயினும், எறிவதற்கு முன் இப்படங்கள் எவ்வாறு பிறந்தன, எதற்காகப் பிறந்தன, இன்று எவற்றுக்குச் சாட்சியாக நிற்கின்றன என்பவற்றை அறிந்துகொள்வது நலம். அறிந்தபின் எறிய மனம் வராது என்பது எமது துணிபு.

ஒரு வாரத்துக்கென்று எடுத்தவை

சினிமாத் தொழிலில் 'ஸ்டில்' என்று வழங்கும் படங்கள் இருவகைப்படும். முதலாவது காட்சிப் படம். படப்பிடிப்பில் ஒரு காட்சி முடிந்தவுடன், நடிகர்களை அதே நிலையில் மறுபடி நிற்கச் சொல்லி, ஸ்டில் போட்டோகிராபர் தம் காமிராவில் எடுப்பது. ஓடும் பிலிமிலிருந்தே ஒரு துண்டை வெட்டிப் பெரிதாக்கினால் ஆகாதா என்று கேட்கலாம். அப்பிலிமின் ஒரு கட்டம் ஓர் அங்குல அகலமும் இல்லாதது. அசைவினால் முகம் கலங்கியும் இருக்கும். அதைப் பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் தெளிவாக நில்லா. ஆதலின் இதற்கெனத் தனிக் காமிராவும் தனி ஆளும் வேண்டியிருந்தன.

இரண்டாவது உருவப் படம். நடிகரையோ நடிகையையோ தனியே அமர்த்தி, விளக்குகளை ஒழுங்கு செய்து, முகத்தையே பொருளாகக் கொண்டு எடுப்பது. கதை இதில் இல்லை. அந்த மனிதரே கதை. நம் பெட்டிகளில் மிகுதியாகக் கிடப்பவை இவ்வகையினவே.

இவை சென்ற இடங்கள் பல. ஒரு கட்டு பிலிம் பெட்டியோடு ஊருக்கு ஊர் செல்லும். கொட்டகை வாசலில் கண்ணாடியிட்ட பலகைக்குள் அவற்றைக் குத்தி வைப்பார்கள். உள்ளே செல்லக் காசில்லாத சிறுவனும் அக்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கதையை ஊகித்து மகிழ்வான். மற்றொரு கட்டு பத்திரிகைகளுக்குச் செல்லும். 1940-களில் தோன்றிய 'பேசும் படம்', 'குண்டூசி', 1966-இல் தோன்றிய 'பொம்மை' ஆகியவை இப்படங்களையே பெரிதும் நம்பி நடந்தன. பாட்டுப் புத்தகத்தின் அட்டையிலும், கடைக்காரர் வழங்கும் காலண்டரிலும் அதே முகங்கள் மீண்டும் மீண்டும் அச்சேறின.

இலக்கியமும் இப்படங்களைத் துணைக்கொண்டது. 1939-இல் கல்கி அவர்களின் 'தியாகபூமி' ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தபோது, ஓவியர் வரைந்த சித்திரங்களுக்குப் பதிலாக, கே. சுப்பிரமணியம் இயக்கிவந்த அதே கதையின் திரைப்படக் காட்சிகளே அச்சிடப்பட்டன. வாசகர் கதையைப் படிக்கும்போதே பாபநாசம் சிவனையும், எஸ்.டி. சுப்புலட்சுமியையும், பேபி சரோஜாவையும் கண்டுகொண்டனர். படம் கொட்டகைக்கு வருமுன்பே அம்முகங்கள் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டன. அக்காலத்தில் பிறந்த பெண்மகவுகள் பலவற்றுக்குச் சரோஜா என்று பெயரிடப்பட்டதை முதியோர் அறிவர்.

இத்தனையும் செய்யப்பட்டது ஒரே நோக்கத்துக்காக, டிக்கெட்டு விற்பதற்காக. படம் ஓடும்வரை இவற்றுக்கு வாழ்வு; 'இன்றே இப்படம் கடைசி' என்ற துண்டுக் காகிதம் ஒட்டியவுடன் இவற்றின் கடமையும் முடிந்தது. நெடுநாள் நிலைக்க வேண்டும் என்று எவரும் எண்ணி எடுக்கவில்லை. அத்தகையவை நெடுநாள் நிலைத்ததுதான் வியப்பு.

முகத்தைச் செதுக்கிய கைகள்

உருவப் படக் கலையை ஒரு தனித் தொழிலாக வளர்த்தது ஹாலிவுட். ஜார்ஜ் ஹரெல் என்பவர் 1930-இல் எம்.ஜி.எம். கம்பெனியில் சேர்ந்து நட்சத்திரங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளிச்சம் பாய்ச்சும் வழக்கத்தை விட்டு, உயரத்திலிருந்து ஒரு வலிய விளக்கை இறக்கி, கன்னத்தின் கீழே நிழலைத் தேங்கச் செய்தார். தலைக்குப் பின்னிருந்து வரும் மற்றொரு விளக்குக் கூந்தலின் ஓரத்தை ஒளிரச் செய்தது. ஒளியைப் போலவே நிழலையும் ஒரு கருவியாகக் கொள்ளும் இம்முறை பத்திரிகைகளின் வழியே உலகெங்கும் பரவியது.

பம்பாயில் இக்கலையில் பெயர் பெற்றவர் ஜே.எச். தாக்கர். தேசப் பிரிவினையின்போது கராச்சியை விட்டுப் புறப்பட்டு வந்து, 1948-இல் தாதரில் இந்தியா போட்டோ ஸ்டூடியோவைத் தொடங்கினார். நர்கிஸ், மீனா குமாரி முதலிய நட்சத்திரங்களின் படங்கள் அங்கே உருவாயின. பிறந்த ஊரை இழந்து வந்த ஒருவரின் கையால், ஒரு தேசம் தன் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டது. இதன் பொருள் நம்மைப் போன்று கடல் கடந்து வந்தோர்க்கு எளிதில் விளங்கும்.

தமிழ்ப் படவுலகிலும் இவ்வுழைப்புக்குக் குறைவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்கள் நடித்து 1945-இல் வெளிவந்த 'மீரா'வை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்குநர், ஜிதன் பானர்ஜி ஒளிப்பதிவாளர். படப்பிடிப்புக்கு முன் அவ்வம்மையாரின் தலையுருவம் ஒன்றைச் செய்வித்து, அதன்மீது பல கோணங்களிலிருந்து விளக்கைப் பாய்ச்சி, எந்த ஒளியில் அம்முகம் எவ்வாறு தோன்றும் என்று ஆராய்ந்து பார்த்தனர். இன்றும் 'மீரா' என்றவுடன் நம் நெஞ்சில் எழும் அத்தெய்வீகத் தோற்றத்துக்குப் பின்னே, பேசாத உருவத்தின் முன் விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்த்தவர்களின் பொறுமை இருக்கிறது.

படம் எடுத்தபின்னும் வேலை முடிவதில்லை. நெகடிவ்வைப் பின்னொளி கொண்ட மேசைமேல் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுத் தொட்டு அம்மை வடுவையும் கண்ணின் கீழ்ச் சுருக்கத்தையும் மறைப்பார்கள். நெகடிவ்வில் கறுத்தது அச்சில் வெளுக்கும். ஆதலின் பென்சில் பட்ட இடம் படத்தில் ஒளிபெறும். வேண்டாத வெண்மையைக் கூரிய கத்தியால் மெல்லச் சுரண்டிக் குறைப்பார்கள். வர்ணப் படம் அரிதாயிருந்த நாளில், அச்சிட்ட படத்தின்மேல் தூரிகையால் உதட்டுக்குச் சிவப்பும் சேலைக்குப் பச்சையும் பூசியவர்களும் உண்டு. இவ்வளவு நுணுக்கமாகப் பாடுபட்டவர்களின் பெயரை எத்தனை பேர் அறிவோம்? 1950-களின் பல தமிழ்ப் படங்களுக்கு ஸ்டில் எடுத்த ஆர்.என். நாகராஜ ராவ் போன்ற சிலரின் பெயர் தொழிலில் உள்ளோர்க்குத் தெரியும். பிற்காலத்தில் 'ஸ்டில்ஸ்' என்னும் சொல்லே சிலருடைய பெயரின் முன்னொட்டாக ஆயிற்று. மற்றவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது படத்தின் பின்புறத்தில் மங்கிப்போன ஒரு ரப்பர் முத்திரை மட்டுமே. அம்முத்திரையும் நம் பெட்டியிலிருந்து குப்பைக்குப் போனால், அக்கைகளின் கடைசி அடையாளமும் போய்விடும்.

திரை போயிற்று, நிழல் நின்றது

இப்படங்களுக்கு இன்று இவ்வளவு மதிப்பு ஏன் என்பதற்கு முதற் காரணம் இங்கேதான் இருக்கிறது. 1950 வரை படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் பிலிமில் எடுக்கப்பட்டன. அது எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாவிடினும் காலப்போக்கில் தானே மக்கிப் பிசினாகிப் பொடியாகும். ஓடி முடிந்த பிலிமை, அதிலுள்ள வெள்ளிக்காகக் கரைத்து விற்றவர்களும் உண்டு. விளைவு யாது? இந்தியாவில் எடுத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மௌனப் படங்களுள், முழுமையாகவோ துண்டாகவோ எஞ்சியவை முப்பதளவே. தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் சென்னையில் வெளிவந்தது. எச்.எம். ரெட்டி இயக்கினார், டி.பி. ராஜலட்சுமி நடித்தார். ஒரு மொழியின் முதற் குரலாகிய அப்படத்தின் பிரதி இன்று எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை. கிடைப்பவை ஒருசில நிழற்படங்களும் அச்சிட்ட தாள்களுமே. அப்படத்தை விற்க அச்சிட்டவைதாம் இன்று அப்படமாக நம்முன் நிற்கின்றன.

இத்தகைய தாள்களைக் காத்தவர்கள் பெரும் செல்வர்கள் என்று எண்ணவேண்டா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிய ஓவியர் ரோஜா முத்தையா அவர்கள், நூல்களோடு பாட்டுப் புத்தகங்கள், நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று பிறர் வேண்டாவென்று ஒதுக்கியவற்றையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்தபின், அச்சேர்க்கையைக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று தமிழ்ச் சினிமாவின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அவ்வாயிலைக் கடவாமல் எழுத இயலாது.

மற்றொருவர் 'பிலிம் நியூஸ்' ஆனந்தன். படமெடுக்கும் ஆர்வத்தோடு திரையுலகில் நுழைந்தவர். 1958-இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பணியை ஏற்றார். தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்ற பெயர் அதனால் வாய்த்தது. கொடுத்ததோடு நில்லாமல், ஒவ்வொரு படத்துக்கும் பிரதியும் குறிப்பும் தம்மிடம் வைத்துக்கொண்டார். எந்தப் படம் எந்நாளில் வந்தது, யார் யார் நடித்தனர் என்று கேட்போர்க்கெல்லாம் அவர் வீடே ஒரு கலைக்களஞ்சியமாயிருந்தது. அச்செல்வத்தைத் தமிழக அரசு 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டது. ஆனந்தன் 2016 மார்ச்சில் மறைந்தார். ஒரு மனிதர் தம் வீட்டறையில் ஒழுங்காகக் குறித்து வைத்ததே பின்னர் ஒரு நாட்டின் ஆவணமாயிற்று என்பது கருதத்தக்கது.

வராத பாகவதர், வந்த படங்கள்

நம் தீவின் பெயரோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியையும் இங்கே நினைவுகூரலாம். எம்.கே. தியாகராஜ பாகவதர் அவர்களைப் போல முகத்தாலும் குரலாலும் தமிழகத்தை ஆண்டவர் அந்நாளில் வேறொருவர் இலர். தோளளவு புரண்ட அவர் முடியைக் கண்டு இளைஞர் பலர் 'பாகவதர் கிராப்பு' வைத்துக்கொண்டனர். நேரிற் கண்டவர் சிலரே. படத்திற் கண்டவரே பலர். 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதத்தில் இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது.

தீவாந்தரம் என்றால் தமிழர்க்கு அந்தமான்தான். ஆனால் அந்நாளில் இத்தீவுகள் ஜப்பானியர் வசம் இருந்தன. போர் முடிந்தபின் தண்டனைக் குடியேற்றமே கைவிடப்பட்டது. ஆதலின் பாகவதர் இங்கு வரவில்லை. தாயகத்துச் சிறைகளிலேயே இருந்தார். லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்ற வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். அவர் சிறையிலிருந்த காலத்திலும் பிராட்வே தியேட்டரின் வாசலில் அவர் முகம் புன்னகை மாறாமல் நின்றது. விடுதலைக்குப்பின் அவருக்குப் பழைய வெற்றி திரும்பவில்லை; 1959-இல் மறைந்தார். மனிதரை இத்தீவுக்கு அனுப்பச் சட்டத்தால் இயலவில்லை. பின்னாளில் வேலை தேடி வந்த தமிழர்களின் பெட்டிகளில் அவர் படங்கள் கப்பலேறின.

அந்தமான் என்ற பெயரைத் திரையுலகம் கையாண்ட விதத்தையும் நோக்குக. கு.சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகத்தைத் தழுவி, எம்.ஜி.ஆர். நடித்து 1952-இல் வந்த படத்தின் பெயர் 'அந்தமான் கைதி'. முக்தா சீனிவாசன் இயக்கத்தில் சிவாஜி கணேசன், சுஜாதா நடித்து 1978-இல் வந்த படத்தின் பெயர் 'அந்தமான் காதலி'. கைதி காதலியாவதற்கு இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. பின்னதன் காட்சிகள் நம் தீவுகளிலேயே எடுக்கப்பட்டன. அதன் ஸ்டில் ஒன்று உங்கள் வீட்டில் இருக்குமாயின், நடிகர்களுக்குப் பின்னால் தெரியும் கரை எது, தென்னஞ்சோலை எது, அன்றிருந்து இன்றில்லாத கட்டிடம் எது என்று கூறவல்லவர் சென்னையில் இலர். இங்குள்ள முதியோரே உளர். 2004 டிசம்பர் 26-இன் கடல்கோள் நம் கரைகள் பலவற்றின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. ஆதலின் ஒரு சினிமாப் படத்தின் பின்னணி, நம் ஊரின் சரித்திரமாகவும் ஆகக்கூடும்.

பொய்யும் மெய்யும்

"பென்சிலால் திருத்திய முகம் பொய்தானே? பொய்யைக் காப்பானேன்?" என்று எவரேனும் கேட்கக்கூடும். அதற்கு விடை சொல்லாமல் செல்வது முறையன்று. ஆம், உருவப் படம் உள்ளதை உள்ளவாறு காட்டியதன்று. இருக்கவேண்டும் என்று மக்கள் விரும்பியதைக் காட்டியது. ஒரு தலைமுறை எதை அழகென்றும் பெருமிதமென்றும் கருதிற்று என்பதை அறிய அதனைவிடச் சிறந்த சான்று இல்லை.

திருத்தாத படத்தின் வலிமைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1967 ஜனவரி 12-இல் எம்.ஜி.ஆர். துப்பாக்கிக் குண்டடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அடுத்த மாதமே பொதுத் தேர்தல். பரங்கிமலைத் தொகுதியின் வேட்பாளராகிய அவரால் வெளியே வந்து வாக்குக் கேட்க இயலவில்லை. கழுத்தில் கட்டோடு இருக்கும் அவர் படமே சுவரொட்டியாகி ஊரெங்கும் சென்றது. ஆண்டுக்கணக்கில் ஒளிவீசும் உருவப் படங்களில் கண்ட முகத்தை, நோயாளியின் கோலத்தில் கண்ட மக்கள் உள்ளம் உருகினர். அவர் வென்றார், அவர் கட்சியும் ஆட்சியைப் பிடித்தது. முன்பு கண்ட அழகிய படங்கள் நெஞ்சில் இல்லாதிருந்தால், அந்த ஒரு படம் அவ்வளவு ஆழமாகத் தைத்திராது என்றே எண்ணுகிறோம்.

நம் வீட்டுப் படங்களில் அவர்கள் சாயல்

இனி அன்பரின் முதல் வினாவுக்கு வருவோம். குடும்பப் படம் வேறு, நடிகர் படம் வேறு என்று அவர் பிரிக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம். பாட்டனார் காலத்துப் படத்தில் குடும்பத்தார் காமிராவை நேர்நோக்கி, கை முழந்தாளில் பதிய, கல்லில் செதுக்கினாற்போல் அமர்ந்திருப்பர். 1950-க்குப் பிந்திய படத்திலோ இளைஞர் முக்கால் முகமாகத் திரும்பி, பார்வையை எங்கோ தொலைவில் நிறுத்தி, மேசைமேல் ஒரு கை வைத்திருப்பார். சட்டையின் கழுத்துப் பட்டையும், நெற்றியில் விழும் முடிச்சுருளும் யாரை நினைவூட்டுகின்றன? எவரும் சொல்லித்தரவில்லை, கொட்டகை வாசலிலும் பத்திரிகையிலும் கண்டு கற்றுக்கொண்டதே அந்த நிலை. உருவப் படத்துக்கு எப்படி அமர்வது என்பதைத் தமிழர்க்குக் கற்பித்த ஆசிரியர்கள் நடிகர்களே.

கடல் கடந்தோர்க்கு அப்படம் வெறும் அலங்காரமுமன்று. சென்னையிலிருந்து இங்கு வரக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கடிதமும் அக்கப்பலையே நம்பியிருந்த காலம். இங்கே எத்தனை துன்பமிருப்பினும், ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பும் படத்தில் மகன் நன்கு உடுத்தி, ஒளி பெற்ற முகத்தோடு நின்றான். 'நான் நலமாயிருக்கிறேன், கவலைப்படவேண்டா' என்பதை எழுத்தைவிட அப்படம் தெளிவாகச் சொல்லிற்று. பர்மாவிலிருந்து மீண்டு இத்தீவுகளில் குடியேறியோர்க்கும், இலங்கையிலிருந்து கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்தோர்க்கும் இது பொருந்தும். இரங்கூனிலிருந்து தாயகம் திரும்பும் தமிழனின் அல்லலைச் சொன்ன 'பராசக்தி' 1952-இல் வந்தபோது, புதிய நடிகராகிய சிவாஜி கணேசனின் முகத்தில் அத்தகைய குடும்பங்கள் தம் கதையையே கண்டிருக்கும். கண்டிப் பகுதியில் பிறந்து தமிழகம் சேர்ந்த எம்.ஜி.ஆரும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையே. தந்தையார் அக்கட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தார் என்றால், அதுவும் அவருக்கு ஊரின் ஒரு துண்டாக இருந்தது என்பதே காரணமாகலாம்.

காக்கும் வழி

போர்ட் பிளேயர் என வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நம் நகரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; சென்னையில் பெய்வதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுப்பது. ஈரம் கண்டால் பூஞ்சை அதனை உணவாகக் கொள்ளும். எனவே சில எளிய முறைகளைக் கூறுகிறோம்.

படத்தை ஓரத்தில் பிடித்தெடுக்கவேண்டும். விரல் ரேகை பட்ட இடம் பின்னர்க் கறுக்கும். பூஞ்சை படிந்திருந்தால் ஈரத் துணியால் துடைக்கலாகாது; காற்றோட்டமான நிழலில் உலரவிட்டு, மெல்லிய தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டிவிடலாம். வெயிலில் காயவைத்தல் கேடு. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்க முயன்றால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்; கண்ணாடியோடு சேர்த்துக் கைப்பேசியால் படமெடுத்துக்கொண்டு, அப்படியே விட்டுவைப்பது மேல். பசைத்தாள் ஆல்பமும், லேமினேஷனும் ஆகா. ஒவ்வொன்றுக்கும் இடையே வெள்ளைத்தாள் இட்டு, மூடியுள்ள டப்பாவில், மருந்துப் புட்டிகளோடு வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து, தரையினின்று உயரமாக வைக்கவேண்டும். மழைக்காலம் கழிந்தவுடன் ஒருமுறை திறந்து பார்ப்பது நலம்.

இவை யாவினும் முதன்மையானது ஒன்றுண்டு. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், இன்னார் என்று எழுதிவையுங்கள். எந்தப் படம், யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுதவேண்டா. பின்புறத்து முத்திரை எதுவாயினும் அழிக்காதீர்கள். இன்று கைப்பேசியில் வலம்வரும் பழைய படங்கள் பலவற்றில் பெயர் மாறிக் கிடக்கிறது. சிலவற்றுக்கு இயந்திரம் தன் விருப்பம்போல் வர்ணம் பூசியுள்ளது. சில முகங்களை இயந்திரமே புனைந்தும் விடுகிறது. எது உண்மை என்று பிற்காலத்தார் தடுமாறும்போது, முத்திரையும் பென்சில் எழுத்தும் தாங்கிய பழைய தாளே தீர்ப்புச் சொல்லும். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தேடித்தேடிப் பதிவு செய்ததும் இதனை உணர்ந்தே.

படங்கள் இன்னும் பல்லாண்டு நிற்கும். அவற்றிலுள்ள முகங்களைப் பார்த்தவுடன் பெயர் சொல்லக்கூடிய கண்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. ஆகவே லம்பா லைன் அன்பர்க்கு எமது விடை இது: கட்டை எறியற்க. வரும் ஞாயிற்றுக்கிழமை தாயாரையோ, அண்டை வீட்டுப் பெரியவரையோ அருகில் அமர்த்தி, ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். நடிகர் பெயரைச் சொல்லத் தொடங்குபவர், அப்படத்தை எந்த ஊர்க் கொட்டகையில் யாரோடு பார்த்தார் என்பதையும், எந்தக் கப்பலில் இங்கு வந்தார் என்பதையும் சேர்த்தே சொல்வார். குப்பையில் போடச் சொன்ன பிள்ளைகளின் கையிலேயே பென்சிலைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.